ஓட்டலைக் கழித்துப் பார்த்தால்

செப்டம்பர் 27, புதன். ரயிலில்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். பெருமையான விஷயத்தை ஊதிப் பெரிதாக்க மாட்டேன். வெட்கமான விஷயத்தை விட்டுவிடவும் மாட்டேன். இப்படிக்கு ம. இளவெயினி, எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு, சாத்தூர்.

இவ்வளவு கண்டிப்பாக ஆரம்பிப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு பதில் சொல்ல வேண்டும். குணசீலன் என்பவரை அம்மா கல்யாணம் செய்துகொள்ளலாமா, வேண்டாமா? அம்மா தபால் ஆபீஸ் வேலை முடிந்து வந்து, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் என்னிடம் கேட்டாள். "நீ சரின்னா சரி, வெயினி. வேண்டாம்னா வேண்டாம். ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

அப்பா இறந்தபோது எனக்கு நான்கு வயது. அவர் சட்டைப் பையில் செருகியிருந்த நீலப் பேனா மட்டும்தான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

குணசீலன் சென்னையில் 'வெண்தாழை' என்ற பெரிய ஓட்டலில் தலைமை என்ஜினியர். இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து முடித்து நிமிர்ந்தபோது அவருக்கு வயது நாற்பத்து மூன்று ஆகிவிட்டதாம். ஜூலையில் எங்கள் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போயிருக்கிறார். நான் அப்போது கணக்கு டியூஷனில் இருந்தேன். பார்க்காத ஆளுக்கு எப்படிச் சரி சொல்வது என்று கேட்டேன். அதனால்தான் இந்தப் பயணம். கூட்டம் இல்லாத மாதத்தில் பெரிய வேலையில் இருப்பவர்கள் தங்கள் குடும்பத்தை அங்கே சில நாள் தங்க வைக்கலாமாம். நாங்கள் இன்னும் குடும்பம் இல்லை. அதை அவர் எப்படி எழுதிக் கொடுத்தாரோ தெரியவில்லை.

கூட வருபவர் சௌந்தரபாண்டியன் மாமா, அம்மாவின் அண்ணன். சேவுக் கடை வைத்திருக்கிறார். எங்கள் பெட்டியில் பாதி இடத்தைக் காராச்சேவு டின் பிடித்துக்கொண்டது.

"மருமவளே, பொண்ணு பாக்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வருவாங்க. மாப்பிள்ளை பாக்க மூட்டை கட்டிட்டுப் போற மொத ஆளுங்க நாமதான்" என்கிறார். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கிறார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் இதுவரை ஓட்டலில் சாப்பிட்டிருக்கிறேன், தங்கியதில்லை.

செப்டம்பர் 28, வியாழன்

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

இங்கே ஏசியே இல்லை, ஆனால் முன்கூடம் குளிர்கிறது. கடல் காற்றைக் கீழே இறக்குவதற்காகவே கட்டிடத்தின் நடுவில் உயரமான கூண்டு ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். சுவர் சுண்ணாம்புச் சுவர், தொட்டால் பானையைத் தொட்ட மாதிரி இருக்கிறது. தண்ணீர் கண்ணாடிப் பாட்டிலில் வருகிறது. பிளாஸ்டிக் என்று ஒரு பொருள்கூட என் கண்ணில் படவில்லை. பல் துலக்கும் பிரஷ் மூங்கில், சாவி ஒரு மரச் சில்லு. அந்தச் சில்லைச் சுவரில் செருகினால்தான் விளக்கு எரியும். மாமா அதை உருவியும் செருகியும் பல தடவை பார்த்தார்.

"சாவிய எடுத்தா கரண்டு நின்னு போகுது. இத நம்ம வீட்டுக்கு ஒண்ணு வாங்கணும். உங்க அத்தை எல்லா ரூமுலயும் லைட்டப் போட்டுட்டு வாசல்ல உக்காந்து பேசுவா."

எங்களுக்கு ஏழாவது மாடியில் அடுத்தடுத்து இரண்டு அறைகள். மெத்தையில் நான் மூன்று தடவை விழுந்து எழுந்தேன். உண்மையை எழுதுவதானால் நான்கு தடவை.

எழுத்து இருக்கும் எதையும் நான் படித்துவிடுவேன். குளியலறைச் சுவரில் ஓர் அட்டை இருந்தது. "நீங்கள் குளிக்கும் தண்ணீர் இந்த மாடியில் உள்ள குளத்துக்குப் போகிறது. நாங்கள் தந்திருக்கும் சோப்பையும் ஷாம்புவையும் மட்டும் பயன்படுத்துங்கள்." குளிக்கும் தண்ணீரில் ஒரு குளம். இதை எங்கள் அறிவியல் டீச்சரிடம் சொன்னால் நம்ப மாட்டார்.

இனி அவரைப் பற்றி. நான் நினைத்ததைவிடக் குள்ளம். இடுப்பில் சாவிக்கொத்து. முன்தலையில் முடி கொஞ்சம் ஏறியிருக்கிறது. புதிதாக என்னைப் பார்க்கிற பெரியவர்கள் எல்லோரும் எந்த வகுப்பு என்று கேட்பார்கள். இவர் கேட்டது வேறு.

"லிஃப்ட்ல வந்தியா, படியில வந்தியா?"

"லிஃப்ட்ல, சார்."

"நேரம் கெடைச்சா படியில ஏறிப் பாரு. நாலாவது மாடித் திருப்பத்துல ஒரு எடம் இருக்கு. அங்க காத்து எப்படி இருக்குன்னு எனக்கு வந்து சொல்லணும்."

சாப்பிட்டவுடன் போனேன். அங்கே சுவரில் ஒரு நீளமான பிளவு. காற்று என் ரிப்பனை அவிழ்த்துக்கொண்டு போயே போய்விட்டது. இரண்டு மாடி இறங்கி எடுத்து வந்தேன். பிறகு மறுபடியும் ஏறி நின்றேன். ஓடிப் போய் அவரிடம் சொன்னதற்கு, "ரிப்பன் போச்சா? அப்ப சரியா கட்டியிருக்கோம்" என்றார்.

இதை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

அதே நாள், மாலை

மாமாவால் ஷவரில் குளிக்க முடியவில்லை. "மழையில மாட்டுன மாதிரி இருக்கு. எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கன்னு தெரியல. ஒரு வாளியும் கப்பும் இருந்தாப் போதும்" என்று கீழே போன் செய்தார். கீழே இருந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இங்கே வாளியே கிடையாதாம்.

ஒரு மணி நேரம் கழித்துக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. குணசீலன் சார் ஒரு கையில் சிவப்பு பிளாஸ்டிக் வாளி, மறு கையில் பச்சைக் கப்புடன் நின்றார். வாளியில் பெயின்ட் தெறித்திருந்தது. அவர் வீட்டிலிருந்து பைக்கில் மாட்டிக்கொண்டு வந்தாராம். பிளாஸ்டிக்கே இல்லாத அந்த முன்கூடத்தின் வழியாக, கோட்டு போட்டவர்கள் எல்லாம் பார்க்க, அதைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்.

"யாரும் ஒண்ணும் சொல்லலையா, சார்?" என்று மாமா கேட்டார்.

"செக்யூரிட்டி சல்யூட் அடிக்கறதா வேண்டாமான்னு கொஞ்சம் யோசிச்சான்."

அவர் போன பிறகும் அம்மா சிரித்துக்கொண்டே இருந்தாள்.

செப்டம்பர் 29, வெள்ளி

வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளித்தே ஆக வேண்டும். அதற்குச் சென்னையும் தெரியாது, ஏழாவது மாடியும் தெரியாது. அம்மா நல்லெண்ணெய்ப் பாட்டிலையும் சீயக்காய் டப்பாவையும் ஊரிலிருந்தே கொண்டு வந்திருந்தாள். வாஷ்பேசினில் வெந்நீரைத் தேக்கி எண்ணெய்ப் பாட்டிலை அதில் நிறுத்திச் சூடாக்கினாள். தரையில் பேப்பரை விரித்து என்னை உட்கார வைத்துத் தலையில் தட்டினாள்.

அட்டையில் எழுதியிருந்ததை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"அது சோப்புக்குச் சொல்லியிருக்காங்க. இது நாம காய வச்சு அரைச்சது. இதுல என்ன கெமிக்கல் இருக்கு?" என்றாள் அம்மா.

நானும் யோசித்துப் பார்த்தேன். சீயக்காய் கொடியில் காய்ப்பது, எண்ணெய் எள்ளில் எடுப்பது. இயற்கை ஓட்டலுக்கு இயற்கைக் குளியல். பொருத்தமாகத்தான் இருந்தது. "சரிம்மா" என்றேன்.

குளித்த பிறகு அம்மா அந்தப் பச்சைப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டாள். பெட்டியிலேயே கிடக்கும் புடவை. "இங்க ஏசி குளிருக்கு இதுதான் சரி" என்றாள். இங்கே ஏசி இல்லை என்று முன்னமே எழுதியிருக்கிறேன்.

மத்தியானம் குணசீலன் சார் குளத்தைக் காட்டினார். ஏழாவது மாடியின் கோடியில் திறந்தவெளி. முதலில் கூழாங்கல் தொட்டி, அடுத்து மணல், அடுத்து கல்வாழையும் நாணலும் நட்ட நீளமான பாத்தி. எல்லோரும் குளித்த அழுக்குத் தண்ணீர் ஒரு பக்கம் நுழைந்து, மறு பக்கம் குளத்தில் தெளிவாக விழுகிறது. அடியில் கிடக்கும் கல்லின் நிறம்கூடத் தெரிந்தது. குட்டி குட்டியாகக் கப்பி மீன்கள். எண்ணிப் பார்த்தேன், முடியவில்லை.

"தண்ணி நல்லா இருக்கான்னு எப்படித் தெரியும், சார்?"

"அதுக்கு மீட்டர் இருக்கு. ஆனா எனக்கு மீனைப் பார்த்தாத்தான் நிம்மதி. காலைல வந்ததும் இதுங்க முகத்துலதான் முழிப்பேன்."

"மீனுக்கெல்லாம் முகம் இருக்கா?" என்று கேட்டாள் அம்மா.

"என் முகத்தைவிட நல்லா இருக்கும்ங்க" என்றார். அம்மா கல்வாழையைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

இரண்டு வருடம் அலைந்து இதைக் கட்டினாராம். நாளைக்கு வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வருகிறார். சோதனையில் தேறினால் எல்லா மாடியிலும் இதே மாதிரி கட்டுவார்கள், அதற்கு இவர்தான் பொறுப்பு. தேறாவிட்டால்? நான் கேட்டேன். "தேறணும்" என்றார்.

வாசிப்பு அறை ஒன்று இருக்கிறது. மூன்று சுவர்களில் புத்தகம், நான்காவது சுவரில் கடல். ஊஞ்சல் நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன். கேட்காமலே வரகுப் பணியாரம் வந்தது. இதற்கு மேல் ஒருத்திக்கு என்ன வேண்டும்?

இங்கேதான் சிக்கல். எனக்குப் பிடித்திருப்பது அவரையா, ஓட்டலையா? அவர் எப்போது வந்தாலும் பின்னால் கடலோ, காற்றோ, பணியாரமோ இருக்கிறது. ஓட்டலைக் கழித்துவிட்டால் மீதி எவ்வளவு வரும்? பதில் அதைப் பொறுத்தது. எனக்குக் கழிக்கத் தெரியவில்லை.

அம்மாவிடமே கேட்டேன். "உனக்கு அவரைப் பிடிச்சிருக்காம்மா?"

"தலைய நல்லாத் துவட்டு மொதல்ல. ஈரம் நிக்குது."

செப்டம்பர் 30, சனி. காலை

இன்று புரட்டாசிச் சனி. மாமா எண்ணெய் தேய்த்துக் குளித்து, நாமம் போட்டு, கோவிலுக்குப் போகத் தயாராகிறார். நான் புத்தகத்தோடு குளத்துக்குப் போகிறேன்.

செப்டம்பர் 30, மத்தியானம்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

குளத்தின் மேல் வானவில் படர்ந்திருந்தது. ஊதா, பச்சை, மஞ்சள். அழகாக இருக்கிறதே என்று குனிந்தேன். மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஓரமாகச் சிலது வெள்ளை வயிற்றைக் காட்டிப் புரண்டிருந்தன. தண்ணீர் விழும் இடத்தில் நுரை கட்டியிருந்தது.

லிஃப்டுக்குக் காத்திருக்கத் தோன்றவில்லை. படியில் ஓடி அவரைக் கூட்டி வந்தேன். அவர் தண்ணீரில் விரலை வைத்து மோந்து பார்த்தார்.

"நல்லெண்ணெய்" என்றார். அப்புறம் என் தலையைப் பார்த்தார். நேற்றைய சீயக்காய் வாசனை எனக்கே அடித்தது. ஷூவைக் கழற்றி வீசிவிட்டுக் குளத்தில் இறங்கினார்.

உதவலாம் என்று நானும் ஓரக் கல்லில் கால் வைத்தேன்.

"தள்ளிப் போ. கால வைக்காத. அறிவில்ல?"

என்னிடம் யாரும் இந்த மாதிரிப் பேசியதில்லை. தள்ளி நின்றேன். அழவில்லை. கொஞ்சம் அழுதேன்.

அதற்குள் அம்மாவும் மாமாவும் வந்துவிட்டார்கள். மாமா நெற்றியில் நாமத்தோடு குளத்தைப் பார்த்தார். "ஐயோ. நான் ஊத்துன எண்ணெயா இது? ஒரு கை எண்ணெய்தான ஊத்துனேன்."

"ஒரு கையா? பாட்டில்ல பாதியைக் காணோம்ண்ணே" என்றாள் அம்மா. "நேத்து நாங்க ஊத்துனதும் சேந்திருக்கும்."

குணசீலன் சார் திரும்பாமலே சொன்னார். "எண்ணெய் மேல மூடிட்டா தண்ணிக்குள்ள காத்து எறங்காது. சீயக்காய்க் கரைசல் மீனோட செவுளுக்கு ஆகாது. எண்ணெயைப் பிறகு பார்த்துக்கலாம். மொதல்ல மீனை எடுக்கணும்." வலையைத் தேடினார். வலை கீழே தோட்டத்து அறையில் இருந்தது.

மாமா கோவிலுக்கென்று கட்டியிருந்த சலவை வேட்டியை அவிழ்த்துவிட்டார். உள்ளே அரைக்கால் டவுசர் போட்டிருந்தார் என்பதையும் எழுதிவிடுகிறேன். எதையும் பார்க்காமல் தண்ணீரில் இறங்கினார். வேட்டியின் ஒரு பக்கத்தை அவர் பிடித்து, மறு பக்கத்தை நீட்டினார்.

"மாப்ள, அந்தத் தலைப்பைப் பிடிங்க. அடியில விட்டு அரிச்சுத் தூக்குவோம்."

மாப்ள என்றது எல்லோருக்கும் கேட்டது. குணசீலன் சார் தலைப்பைப் பிடித்தார். அம்மா சிவப்பு வாளியில் நல்ல தண்ணீர் நிரப்பிக் கொண்டு ஓடி வந்தாள். அந்தப் பச்சைப் புடவையை முழங்கால் வரை செருகியிருந்தாள். வேட்டியைத் தூக்கும்போதெல்லாம் மீன்கள் துள்ளின, நான் வாளியில் எடுத்துப் போட்டேன். இப்போது யாரும் என்னைத் தள்ளிப் போகச் சொல்லவில்லை. பயமாகவும் இருந்தது, திருவிழா மாதிரியும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் இருந்தது.

பாதி வேலையில் லீனா மேடம் வந்தார். ஓட்டலின் பொது மேலாளர் அவர்தான். மதிப்பீட்டாளர் கீழே வந்து ஜூஸ் குடித்துக்கொண்டிருக்கிறாராம். டவுசரோடு நின்ற மாமாவைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். யார் இப்படிச் செய்தது, எந்த ரூம் என்று கேட்டார்.

"எங்க வீட்டு ஆளுங்கதான், மேடம்" என்றார் குணசீலன் சார்.

அம்மா கையில் இருந்த வாளியிலிருந்து தண்ணீர் கொஞ்சம் சிந்தியது.

லீனா மேடம் வலை போட்டு மூடி, பராமரிப்பு வேலை என்று ஒரு போர்டு வைக்கச் சொன்னார். குணசீலன் சார் தலையாட்டினார். "வைக்கலாம் மேடம். ஆனா கேட்டா நான் வேற சொல்ல மாட்டேன். என் வாயில வராது."

மதிப்பீட்டாளர் நரைத்த முடியை ஒட்ட வெட்டிய ஓர் அம்மா. போர்டைப் படித்துவிட்டு வலையைத் தூக்கிப் பார்த்தார். என்ன ஆயிற்று என்று தமிழிலேயே கேட்டார்.

குணசீலன் சார் பேன்ட் நனைந்து சொட்டச் சொட்ட நின்றார். "தப்பு என் கணக்குலதான் மேடம். ஷவர்ல நின்னுட்டுப் போறவங்களை மட்டும் மனசுல வெச்சுக் கட்டிட்டேன். சென்னையில குளியல் தண்ணிக்குக் குளம் கட்டினவன் எண்ணெய்க் குளியலை மறந்திருக்கேன். நான் சொன்னா எங்க அம்மாவே சிரிப்பாங்க."

"தீபாவளி வந்திருந்தா?"

"மொத்த மாடியும் தேச்சிருக்கும். ஒரு மீன் மிஞ்சியிருக்காது. எண்ணெயை முன்னாடியே பிரிக்கிற தொட்டி ஒண்ணு வைக்கணும். சமையலறைக்கு வெச்சிருக்கேன். இதுக்கு வைக்கத் தோணல."

மதிப்பீட்டாளர் எழுதிக்கொண்டார். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஓட்டலின் மற்ற எல்லாம் தேறிவிட்டன. குளம் தேறவில்லை. ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி பார்ப்பார்கள். மற்ற மாடிகளில் கட்டுகிற வேலை நின்றுவிட்டது. லீனா மேடம் குணசீலன் சாரிடம் பேசாமலே லிஃப்டில் ஏறிப் போனார்.

மாமா ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே, "சார், எங்களால..." என்றார். மறுபடியும் சார் ஆகிவிட்டது.

செப்டம்பர் 30, மாலை

மத்தியானம் எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். மறந்து விடவில்லை. தெரிந்தே விட்டேன்.

எந்த ரூம் என்று லீனா மேடம் கேட்டபோது முதலில் வாயைத் திறந்தது நான். "எங்களுக்குத் தெரியாது, மேடம். நாங்க இப்பதான் வந்தோம்" என்றேன். தலையில் சீயக்காய் வாசனையோடு சொன்னேன். குணசீலன் சாருக்கு வேலை போய்விடுமோ என்று நினைத்து அப்படிச் சொன்னேன். என்னை மறுபடி யாரும் திட்டிவிடக் கூடாது என்றும் நினைத்தேன். எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் அவர், எங்க வீட்டு ஆளுங்கதான் என்றார்.

சாயங்காலம் அவரைத் தேடிப் போனேன். நாலாவது மாடித் திருப்பத்தில், காற்று வரும் இடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். சட்டை இன்னும் முழுதாகக் காயவில்லை.

"சார், நான் பொய் சொன்னேன்."

"கேட்டுச்சு."

"ஏன் என்னை ஒண்ணும் சொல்லல?"

"காலைல ஒரு தடவை கத்திட்டேன். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான்." டீயை ஊதிக் குடித்தார். "அறிவில்லன்னு சொன்னது தப்பு. தள்ளிப் போன்னு சொன்னது தப்பில்ல. அந்தக் கல்லு வழுக்கும்."

காற்று நின்றிருந்தது. பின்னால் கடலும் இல்லை, வெறும் சுவர்தான். எனக்குச் சட்டென்று அந்தக் கழித்தல் கணக்குக்கு வழி தெரிந்தது.

"நாளைக்கு உங்க வீட்டைப் பார்க்கணும், சார்."

அவர் முகம் மாறிவிட்டது. காலையில் குளத்தைப் பார்த்தபோதுகூட இவ்வளவு மாறவில்லை. "அது இந்த மாதிரி இருக்காது" என்றார்.

"அதான் பார்க்கணும்."

அக்டோபர் 1, ஞாயிறு

எழும்பூரில் ரயில் கிளம்பக் காத்திருக்கிறது. எழுத நிறைய இருக்கிறது.

அவர் வீடு மேடவாக்கத்துக்கு உள்ளே, ஒரு லாரி நுழைந்தாலே அடைபடும் தெருவில், மூன்றாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் இல்லை. படியில் காற்றும் இல்லை. கதவைத் திறப்பதற்கு முன்பு, "காலைல பெருக்கினேன்" என்றார். அது தெரிந்தது, துடைப்பத்தை மறைத்து வைக்காமல் நடுக்கூடத்திலேயே சாத்தியிருந்தார்.

தோசை சுட்டார். முதல் தோசை கல்லை விட்டு வரவில்லை. இரண்டாவது தோசை வேகும்போது தெருவில் ஹார்ன் சத்தம். அவர் கரண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். தண்ணீர் லாரி. ஓட்டலில் ஒரு சொட்டுத் தண்ணீரையும் வீணாக்காமல் குளமாக்குகிறவருக்கு வீட்டில் லாரித் தண்ணீர்தான். நாங்கள் பால்கனியிலிருந்து பார்த்தோம், அம்மா இன்றும் அந்தப் பச்சைப் புடவையில்தான். பெண்கள் எல்லாம் குடத்தோடு நிற்க, நடுவில் இரண்டு நீல டிரம்மோடு இவர் ஒருத்தர்.

"என்ன சார், வீட்ல ஆளு வந்திருக்காங்களா?" என்று ஒரு அக்கா சத்தமாகக் கேட்டார். "இஸ்திரி போட்ட சட்டையில தண்ணி புடிக்க வந்திருக்கீங்க."

"சும்மா இருங்கக்கா. மேல கேக்குது."

"கேக்கட்டும்னுதான் சொல்றேன். ஏம்மா, பச்சைச் சேலை, இவரு லாரிக்காரன்கிட்ட சண்டை போட்டா மூணு தெருவுக்குக் கேக்கும். தெரிஞ்சுக்க."

சொல்லி வாய் மூடவில்லை, லாரிக்காரர் குழாயைச் சீக்கிரம் மூடப் போனார். குணசீலன் சார் போட்ட சண்டை மூன்று தெருவுக்குக் கேட்டது. மாமா படியில் தாவி இறங்கிப் போய்ச் சேர்ந்துகொண்டார். இரண்டு பேருமாகச் சண்டை போட்டு இன்னும் ஒரு டிரம் வாங்கினார்கள். மேலே தூக்கி வரும்போது மாமாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

அதற்குள் அம்மா கருகிய தோசையைச் சுரண்டி எடுத்து, வெங்காயம் தேய்த்து, அடுத்த தோசையை வட்டமாக ஊற்றிவிட்டாள். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. அவர் நனைந்த சட்டையோடு வந்து அடுப்பைப் பார்த்தார். "கல்லு உங்க பேச்சைக் கேக்குதுங்க" என்றார். "கல்லு யார் பேச்சையும் கேக்காது. தீயைக் கொறைக்கணும்" என்றாள் அம்மா. இரண்டு பேரும் சிரிக்கவில்லை. ஆனால் தோசை தீரும்வரை அவர் அடுப்பங்கரையை விட்டு வெளியே வரவில்லை.

நான் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். கூடத்தை ஒட்டி ஒரு சின்ன அறை. குறுக்கே கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தார். கிழக்குப் பார்த்த ஜன்னல், காலை வெளிச்சம் தரை முழுவதும் விழுகிறது.

"இந்த ரூம் யாருக்கு, சார்?"

"துணிக்கு" என்றார். அப்புறம் கொடியில் கிடந்த துணியை ஓரமாகத் தள்ளிவிட்டு, "யாராவது இருக்கலாம். ஆனா முன்னாடியே சொல்லிடறேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கால்வாய். ஆறு மணிக்கு மேல கொசு. மழை வந்தா வாசனையும் வரும். நான் வருஷா வருஷம் மனு குடுக்கறேன்."

நல்ல விஷயமாக ஒன்றுகூடச் சொல்லவில்லை. ஸ்கூல் எங்கே இருக்கிறது, நூலகம் பக்கமா என்று நான்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நூலகம் நடக்கிற தூரம். அதையும் அவர் சொன்ன விதம், "ஞாயித்துக்கிழமை தொறக்க மாட்டாங்க" என்றுதான் ஆரம்பித்தது.

அவர் வெளியே போன பிறகு சுவரோரம் சாண் போட்டு அளந்தேன். சும்மாதான். கட்டில் போட்டால் மேசைக்கு இடம் இருக்குமா என்று ஒரு கணக்கு. ஜன்னல் பக்கம் மேசை, எதிர்ச் சுவரில் கட்டில் என்றால் இருக்கிறது. கொடியை மாற்றி பால்கனியில் கட்ட வேண்டியிருக்கும். இன்னும் நான் எந்த முடிவுக்கும் வரவில்லை.

ஸ்டேஷனுக்கு வந்து எங்களை ஏற்றிவிட்டார். கேட்காமல் இருந்தார். அவர் கேட்காமல் இருக்கப் படும் பாட்டைப் பார்க்கவே முடியவில்லை. தண்ணீர் பாட்டில் வாங்கி வந்தார், மறுபடியும் போய் வாழைப்பழம் வாங்கி வந்தார், மறுபடியும் போய் எதுவும் வாங்காமல் வந்தார்.

அதே நாள், செங்கல்பட்டு தாண்டி

அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் வளையலை மேலும் கீழும் நகர்த்தினாள்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, வெயினி."

"ஆமா."

"நான் சொன்னது சொன்னதுதான். வேண்டாம்னா ஏன்னு கேக்க மாட்டேன்."

நான்கு நாளாக எழுதியதை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். நோட்டைத் திறக்கவே இல்லை.

"அந்த ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கணும்மா" என்றேன்.

அம்மா என் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவள் மூச்சு ஒழுங்காக வரவில்லை. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அதையும் எழுத வேண்டியிருக்கும்.

மேல் படுக்கையிலிருந்து மாமாவின் தலை எட்டிப் பார்த்தது. தூங்குகிறார் என்றுதான் நினைத்திருந்தோம்.

"அளவு எடுத்தியா, மருமவளே?"

"எடுத்தேன் மாமா."

"அப்ப சரி. மாப்ளைக்கு ஒரு போனைப் போடு தங்கச்சி. மனுசன் இன்னும் பிளாட்பாரத்துலயே நின்னுட்டு இருப்பாரு."

அம்மா போனை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போனாள். என்ன பேசினாள் என்று ரயில் சத்தத்தில் கேட்கவில்லை. கேட்காததை எழுத முடியாது. திரும்பி வந்தபோது அவள் முகத்தைப் பார்த்து எதிர்ப் படுக்கைக்காரர்கூடச் சிரித்தார். பிறகு, தூங்கலாமா என்று கேட்டார்.

விளக்கை அணைத்துவிட்டார்கள்.